ஐசியைக் கழற்றும் முன்: ஆம்ப்ளிஃபையர் போர்டு பழுதை அறிகுறி வாரியாகப் பிடிப்பது

நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்கும் ஹோம் தியேட்டர் செட்டுகளைத் திறந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் நாலைந்து வகை போர்டுகள்தான். 4440 ஐசி (ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் அடங்கிய சிப்) போர்டு, டிடிஏ 2030 போர்டு, டிடிஏ 7294 போர்டு, கொஞ்சம் பெரிய செட் என்றால் 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடி போட்ட டிரான்சிஸ்டர் போர்டு. பழுதுகளும் திரும்பத் திரும்ப அதே மாதிரிதான் வருகின்றன. சத்தம் நின்றதும் பலர் செய்யும் முதல் வேலை ஐசியை மாற்றுவது. புது ஐசியும் பத்து நிமிடத்தில் போய்விடும். பழைய ஐசியைக் கொன்ற காரணம் போர்டிலேயே இருக்கும்போது புதியது எப்படிப் பிழைக்கும்? அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும், செலவு வைக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## தொடங்கும் முன்

டிஜிட்டல் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், கொஞ்சம் ஃப்ளக்ஸ் வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியம் சீரியஸ் லாம்ப். செட்டுக்குப் போகும் ஃபேஸ் வயரின் நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையாக இணைத்தால் போதும். ஃபிலமென்ட் உள்ள பழைய பல்புதான் வேண்டும். எல்இடி பல்பும் சிஎஃப்எல்லும் இதற்கு உதவாது. செட்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் ஆன் செய்ததும் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, டிசியைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் சார்ஜ் ஆனதும் மங்கிவிடும். பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்கு 200 வாட் பல்பு போடுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று உடனே கை வைக்காதீர்கள். 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சார்ஜை நெடுநேரம் வைத்திருக்கும். 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் போட்ட வயரைச் சேர்த்து, கண்டென்சரின் இரு காலிலும் பத்து நொடி பிடியுங்கள். பிறகு மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை பவர் சப்ளை) போர்டு இருந்தால், அதன் மெயின்ஸ் பக்கக் கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் பழகாதவர்கள் அந்தப் பகுதியைத் தொடவே கூடாது, மெக்கானிக்கிடம் கொடுங்கள். கீழே சொல்வதெல்லாம் டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுகளுக்கு.

## அறிகுறி: பவர் லைட்டே எரியவில்லை

இதில் போர்டுக்கு வேலையே இல்லாமல் போவதுதான் அதிகம். பிளக், பவர் கார்டு, ஸ்விட்ச், ஃபியூஸ் என்ற வரிசையில் மீட்டரின் கன்டினியூட்டி நிலையில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும்) பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடிக்குள் கம்பி விட்டிருந்தால் வெளியே தெரியாது, மீட்டர்தான் சொல்லும்.

ஃபியூஸ் கண்ணாடி கறுத்து, வெள்ளி பூசினாற்போல் இருந்தால் உள்ளே பலமான ஷார்ட். புது ஃபியூஸ் போட வேண்டாம், நேரே அடுத்த தலைப்புக்குப் போங்கள். கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால் பழசாகிப் போயிருக்கலாம், அல்லது கொஞ்சம் ஓவர்லோடு.

இவை எல்லாம் சரியா? அப்புறம் டிரான்ஸ்பார்மர். பிளக்கைக் கழற்றிவிட்டு பிரைமரி (மெயின்ஸ் பக்கம்) இரண்டு வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். சின்ன டிரான்ஸ்பார்மரில் பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக் கணக்கு வரை ஓம் காட்டலாம், பெரிய டொராய்டில் சில ஓம்தான். எதுவுமே காட்டவில்லை என்றால் பிரைமரி ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருக்கிறது. சிலவற்றில் மேல்சுற்றுக் காகிதத்துக்கு அடியில் தெர்மல் ஃபியூஸ் ஒன்று மறைந்திருக்கும். அதுதான் விட்டிருக்கும். அதை வயரால் ஷார்ட் செய்து ஓட்டினால் அடுத்த முறை சூடாகும்போது தடுக்க ஒன்றும் இருக்காது, தீப்பிடிக்கும். டிரான்ஸ்பார்மரை மாற்றுங்கள், அல்லது ரீவைண்டிங் கடையில் கொடுங்கள்.

## அறிகுறி: ஃபியூஸ் நிற்கவில்லை, சீரியஸ் பல்பு முழுதாக எரிகிறது

பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது, வெள்ளித்தாள் சுற்றிப் பார்ப்பது எல்லாம் டிரான்ஸ்பார்மரைக் கருக்கும் வழிகள். பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஷார்ட் எங்கே என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மரைத் தனியாக்குங்கள். செகண்டரி (போர்டுக்கு வரும் பக்கம்) வயர்களை போர்டிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றிவிட்டு, சீரியஸ் லாம்ப் வழியாக ஆன் செய்யுங்கள். அப்போதும் பல்பு பளிச்சென்று எரிந்தால் டிரான்ஸ்பார்மர்தான் குற்றவாளி. மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது.

அடுத்து, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் நான்கு டையோடுகள். மின்சாரம் இல்லாமல், மீட்டரை டையோடு சோதனையில் வைத்து ஒவ்வொரு டையோடையும் இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் காட்டக் கூடாது. போர்டிலேயே வைத்துப் பார்ப்பதால் மறுபக்கம் எண் மெல்ல ஏறினால் பரவாயில்லை, கண்டென்சர் சார்ஜ் ஆகிறது. இரு பக்கமும் பீப் அடித்தால் டையோடு ஷார்ட். ஒன்று போயிருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுங்கள். 1என் 5408 டையோடு ஒன்றின் விலை மிகக் குறைவு. மிச்ச மூன்றும் அதே அடியை வாங்கியவைதான்.

ஃபில்டர் கண்டென்சர். தலை உப்பியிருந்தால், அடியில் பசை கசிந்திருந்தால் மாற்றுங்கள். உப்பாமலும் ஷார்ட் ஆகும்; ஒரு காலைத் தூக்கிவிட்டு மீட்டரில் பாருங்கள். மாற்றும்போது வோல்டேஜ் ரேட்டிங்கைக் குறைக்கவே கூடாது. 24-0-24 டிரான்ஸ்பார்மர் (நடு வயரிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி) டிசியாக்கிய பிறகு ஒவ்வொரு பக்கமும் 33, 34 வோல்ட் தரும், லோடு இல்லாதபோது இன்னும் கொஞ்சம் ஏறும். அங்கே 35 வோல்ட் கண்டென்சர் போட்டிருப்பதை நிறைய செட்டுகளில் பார்க்கிறேன். 50 அல்லது 63 வோல்ட்தான் போட வேண்டும்.

இனி போர்டு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுங்கள். கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு பிளஸ் லைனுக்கும் ஸ்பீக்கர் அவுட்புட்டுக்கும் இடையே, மைனஸ் லைனுக்கும் அவுட்புட்டுக்கும் இடையே பாருங்கள். பீப் அடிக்கும் பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஐசி போர்டு என்றால் ஐசி உள்ளே ஷார்ட்.

### ஐசி போர்டாக இருந்தால்

புது ஐசி போடும் முன் அது ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள். நான் பார்த்த வரையில் மூன்று காரணங்கள்தான் மாறி மாறி வருகின்றன.

முதலாவது வோல்டேஜ். டிடிஏ 2030-இன் உச்ச அளவு பிளஸ் 18, மைனஸ் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்பார்மரே லோடு இல்லாதபோது 17 வோல்ட்டைத் தாண்டும். ராத்திரியில் மெயின்ஸ் 250 ஆக ஏறினால் எல்லை கடந்துவிடும். ஏ என்ற எழுத்து சேர்ந்த டிடிஏ 2030ஏ 22 வோல்ட் வரை தாங்கும், அதைப் போடுவது நல்லது. டிடிஏ 7294-க்கு இரு பக்கமும் 40 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 24-0-24 பொருந்தும், 30-0-30 கொடுத்தால் 42-க்கு மேல் போய்விடும். 4440 ஐசி 18 வோல்ட்டுக்குள் ஓட வேண்டியது. 12-0-12-இன் நடு வயரை விட்டுவிட்டு இரு முனைகளையும் பிரிட்ஜில் கொடுத்துவிட்டால் 33 வோல்ட் வரும், ஐசி அந்த நொடியே காலி.

இரண்டாவது மைக்கா, அதாவது ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இடையே வைக்கும் மின்காப்புத் தாள். டிடிஏ 2030, டிடிஏ 7294 இரண்டிலும் முதுகுத் தகடு மைனஸ் லைனோடு உள்ளேயே சேர்ந்திருக்கிறது. மைக்காவும் ஸ்க்ரூவுக்கான புஷ்ஷும் இல்லாமல், கிரவுண்டு ஆகியிருக்கும் ஹீட் சிங்கில் இறுக்கினால் மைனஸ் லைன் அப்படியே ஷார்ட். மைக்கா போட்ட பிறகு ஐசி தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். பீப் வரக் கூடாது.

மூன்றாவது ஸ்பீக்கர் வயர். பின்பக்கக் கனெக்டரில் ஒரே ஒரு பிரி வயர் அடுத்த முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் பல ஐசிகளைக் கொன்றது இதுதான்.

### டிரான்சிஸ்டர் போர்டாக இருந்தால்

இங்கே பொறுமை வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அது தனியாகப் போவதில்லை, பின்னால் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். 5200 மட்டும் மாற்றிவிட்டு நேரே கரண்டில் போட்டால் புது ஜோடியும் போய்விடும். அவுட்புட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அவுட்புட் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி வெளியே வைத்துச் சோதியுங்கள். எழுத்து நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்க, இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர். 5200-இல் சிவப்பு புரோபை பேஸில் வைத்து, கறுப்பை மற்ற இரண்டிலும் வைத்தால் 0.5 முதல் 0.7 வரை வர வேண்டும். 1943-இல் கறுப்பு பேஸில். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கமும் எதுவும் காட்டக் கூடாது.

எமிட்டரில் இருக்கும் 0.22 ஓம் 5 வாட் வெள்ளை ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ஓப்பன் ஆகியிருக்கும். பிறகு பேஸுக்குப் போகும் சின்ன ரெசிஸ்டர்கள், அவுட்புட் ஜோடியை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஜோடி. டிரைவரில் ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றுவது என் வழக்கம்.

அதற்குப் பின் இருப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: பயாஸ் டிரான்சிஸ்டரும் அதன் பிரிசெட்டும். பயாஸ் என்பது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் ஜோடியில் ஓடும் சிறு கரண்ட்; அதைக் கூட்டிக் குறைக்கும் திருகு ரெசிஸ்டர்தான் பிரிசெட். பயாஸ் டிரான்சிஸ்டர் ஓப்பன் ஆனாலோ, பிரிசெட்டின் உள்தொடுப்பு தேய்ந்து விட்டுப்போனாலோ, அவுட்புட் ஜோடி இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொள்ளும். பிளஸ் லைனிலிருந்து மைனஸ் லைனுக்கு நேர்வழி கிடைத்துவிடும். இரண்டாவது தடவையும் டிரான்சிஸ்டர் போன போர்டுகளில் முதலில் இந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். பிரிசெட் பழசாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கோடு ஒட்டியிருக்க வேண்டியது. அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தால் ஹீட் சிங்க் சூடாவது அதற்குத் தெரியாது, பயாஸைக் குறைக்காது.

எல்லாம் போட்ட பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், சீரியஸ் லாம்ப் வழியாக, பிரிசெட்டைப் பயாஸ் மிகக் குறைவாக வரும் பக்கம் திருப்பி வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு மங்கியதா? அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று, 100-ஐத் தாண்டினால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. சரியாக இருந்தால் சீரியஸ் லாம்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து பிரிசெட்டை மெல்லத் திருப்புங்கள். 11 மில்லிவோல்ட் என்றால் 50 மில்லிஆம்பியர் ஓடுகிறது. வீட்டு செட்டுக்கு அந்த அளவு போதும். பத்து நிமிடம் சூடாக விட்டு மறுபடி பாருங்கள், ஏறியிருந்தால் குறையுங்கள்.

5200, 1943 வாங்கும்போது கவனம் தேவை. இவற்றில் போலிகள் மிக அதிகம். வழக்கமான விலையில் கால்வாசிக்குக் கிடைத்தால் அது 150 வாட் தாங்கும் சரக்கு அல்ல. தெரிந்த கடையில், ஜோடியாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள்.

எப்போது நிறுத்துவது: போர்டின் செம்பு டிராக் எரிந்து, அட்டையே கரியாகியிருந்தால் அந்தக் கரி வழியாகவே மின்சாரம் கசியும். சுரண்டி எடுத்து வயர் போட்டு ஓட்ட அனுபவம் வேண்டும். காரணம் தெரியாமல் இரண்டாவது ஜோடியும் போய்விட்டால் மூன்றாவது ஜோடி வாங்காமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

ஸ்பீக்கரை முதலில் பாருங்கள். வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'டப்' என்று கேட்க வேண்டும். மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டும்; 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல் காட்டும். அதேபோல் போன் வால்யூம், ஆக்ஸ் வயர், யூஎஸ்பி, ப்ளூடூத் தேர்வு. சிரிக்க வேண்டாம், பாதிக்குப் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து பவர் போர்டில் பிளஸ், மைனஸ் இரண்டும் கிரவுண்டிலிருந்து ஏறக்குறைய சமமாக வருகின்றனவா? ஒன்று மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்க ஃபியூஸ், டையோடு, டிராக்.

வோல்டேஜ் சரி என்றால் எந்தக் கட்டத்தில் சத்தம் நிற்கிறது என்று பிரியுங்கள். வால்யூமைக் கால்வாசி வைத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் உலோகப் பகுதியை விரலால் தொட்டபடி பவர் போர்டின் இன்புட் முனையில் மட்டும் வையுங்கள். 'புர்ர்' என்று வந்தால் பவர் போர்டு நலம். பழுது அதற்கு முன்னால், பேஸ், ட்ரெபிள் சரிசெய்யும் டோன் போர்டிலோ ப்ளூடூத் போர்டிலோ இருக்கிறது. மெயின்ஸ் பக்கம் கை போகாதபடி ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள்.

'புர்ர்' வந்தால்: டோன் போர்டின் 4558 ஐசியில் 8-ஆம் காலில் பிளஸ், 4-ஆம் காலில் மைனஸ் வருகிறதா பாருங்கள். பெரிய லைனிலிருந்து வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டரும் ஜீனர் டையோடும் சூட்டில் ஓப்பன் ஆவது வழக்கம். இரட்டை சப்ளையில் (பிளஸ், மைனஸ் இரண்டும் உள்ளது) 1, 7 கால்களில் டிசி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் 4558 போயிருக்கிறது. சாக்கெட்டில் இருந்தால் மாற்ற ஒரு நிமிடம். ப்ளூடூத் போர்டுக்கு 7812 அல்லது 7805 ரெகுலேட்டரிலிருந்து சரியான வோல்டேஜ் வருகிறதா என்றும் பாருங்கள்.

'புர்ர்' வரவில்லை என்றால்: டிடிஏ 7294-இல் 9-ஆம் கால் ஸ்டாண்ட்பை, 10-ஆம் கால் மியூட். இரண்டிலும் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ஐசி பாடும். அந்தக் கால்களில் இருக்கும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் லீக் ஆனால் வோல்டேஜ் ஏறாது, ஐசி தூங்கிக்கொண்டே இருக்கும். நல்ல ஐசியைக் கழற்றி எறிவது இப்படித்தான் நடக்கிறது. டிடிஏ 2030-இல் 4-ஆம் கால் அவுட்புட். இரட்டை சப்ளையில் அங்கே பூஜ்யம், ஒற்றை சப்ளையில் அந்த வோல்டேஜில் பாதி இருக்க வேண்டும். 4440-இன் அவுட்புட் கால்களிலும் பாதி. அந்த அளவு இல்லாமல் முழு சப்ளையோ பூஜ்யமோ காட்டினால்தான் ஐசி மீது சந்தேகம்.

ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு இருந்தால், ஆன் செய்த சில நொடியில் ரிலே 'டிக்' என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் ரிலேயை ஷார்ட் செய்து ஓட்டாதீர்கள். அவுட்புட்டில் டிசி வந்திருப்பதால்தான் அது பிடித்து வைத்திருக்கலாம். முதலில் அதை அளந்து பாருங்கள்.

## அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்பீக்கர் வயரை இடம் வலம் மாற்றுங்கள். பழுதும் இடம் மாறினால் செட், மாறாவிட்டால் ஸ்பீக்கர். அடுத்து பவர் போர்டின் இன்புட் வயர்களை மாற்றுங்கள். இப்போது பழுது பவர் போர்டிலா, டோன் போர்டிலா என்று தெரிந்துவிடும். இதில் பெரிய வசதி, நன்றாக ஓடும் இன்னொரு பக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே காலில் அங்கே எத்தனை வோல்ட், இங்கே எத்தனை என்று ஒப்பிட்டுக்கொண்டே போனால் சர்க்யூட் படம்கூட வேண்டாம்.

ஒரு பக்கம் சன்னமாக, வால்யூம் ஏற்றினால் திடீரென்று திறந்துகொண்டு பாடினால் புரொடக்‌ஷன் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கிறது. தேய்த்துப் பார்ப்பதைவிட ரிலேயை மாற்றிவிடுவது நல்லது.

## அறிகுறி: 'உம்ம்' என்று ஹம்

அதிக நேரத்தைத் தின்னும் பழுது இது. வால்யூமை முழுதும் குறையுங்கள். அந்த ஒரு சோதனையிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### வால்யூம் குறைத்தால் ஹம்மும் குறைகிறது

வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலிருந்து வருகிறது. ஆக்ஸ் வயரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் வயரோ, அதன் மறுமுனையில் இருக்கும் கருவியோதான். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உடனே நின்றுவிடும். சார்ஜரின் எர்த்தும் செட்டின் எர்த்தும் வளையமாகச் சேர்ந்துகொள்வதுதான் காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் குறையும். அதற்காகப் பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது. அந்தக் கால் இல்லாமல் இரும்பு கேபினெட்டில் மெயின்ஸ் லீக் ஆனால் தொட்டவருக்கு ஷாக்.

வயரைப் பிடுங்கியும் நிற்கவில்லையா? செட்டுக்கு உள்ளே இன்புட் வயர் ஷீல்டு வயர்தானா, அதன் வலை இரு முனையிலும் பற்றியிருக்கிறதா பாருங்கள். வலை விட்டுப்போனால் ஹம் பயங்கரமாக இருக்கும். அந்த வயர் டிரான்ஸ்பார்மரை ஒட்டிப் போனால் தள்ளிக் கட்டுங்கள். டிரான்ஸ்பார்மரையே கொஞ்சம் திருப்பி வைத்தாலும் சில செட்டுகளில் பாதி குறைகிறது. 'கீ', 'கிர்ர்' என்று மெல்லிய சத்தமாக இருந்தால் ஹம் அல்ல, ப்ளூடூத் போர்டு போடும் சத்தம். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மரோ, தனிமைப்படுத்திய சின்ன சப்ளை போர்டோ கொடுத்தால் தீரும்.

### வால்யூம் குறைத்தும் ஹம் மாறவில்லை

ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கிறது, அல்லது கிரவுண்டு வயரிங் சரியில்லை. பவரை நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, அதே அளவு நல்ல கண்டென்சர் ஒன்றைப் பிளஸ், மைனஸ் பார்த்து இருப்பதற்கு இணையாகப் பற்றவைத்து ஆன் செய்யுங்கள். ஹம் படுத்துவிட்டால் பழையவை இரண்டையும் மாற்றுங்கள். படுக்கவில்லை என்றால் டையோடு ஒன்று ஓப்பன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரியென்றால் கிரவுண்டு. டிரான்ஸ்பார்மரின் நடு வயர், ஸ்பீக்கர் கிரவுண்டு, பவர் போர்டு கிரவுண்டு, டோன் போர்டு கிரவுண்டு எல்லாம் இரண்டு ஃபில்டர் கண்டென்சர்களும் சேரும் ஒரே புள்ளிக்குத் தனித்தனி வயராக வர வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எனத் தொடராகக் கோத்திருந்தால் ஸ்பீக்கர் கரண்ட் இன்புட் கிரவுண்டு வழியாக ஓடி ஹம் தரும். அசெம்பிள் செட்டில் புதிதிலிருந்தே ஹம் இருக்கிறது என்றால் பத்தில் எட்டு இதுதான் என்று சொல்லத் தயங்கமாட்டேன். வயரை மாற்றிக் கட்டினால் போதும், பைசா செலவில்லை. வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பை கிரவுண்டோடு சேர்க்கவும் மறக்காதீர்கள்.

## அறிகுறி: ஆன் செய்ததும் வூஃபர் கோன் ஒரு பக்கம் இழுத்து நிற்கிறது

உடனே நிறுத்துங்கள். ஸ்பீக்கரில் டிசி ஏறிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும். ஸ்பீக்கரைக் கழற்றி அவுட்புட்டில் டிசியை அளந்து பாருங்கள். முழு பிளஸ் அல்லது முழு மைனஸ் இருந்தால் அந்தப் பக்க அவுட்புட் ஷார்ட். மேலே ஃபியூஸ் தலைப்பில் சொன்ன வரிசையில் போங்கள். பிளஸ், மைனஸ் லைன்களில் ஒன்று வராமல் போனாலும் இப்படி நடக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒற்றை சப்ளை 4440 போர்டில் என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய கப்ளிங் கண்டென்சர் (டிசியைத் தடுத்துச் சத்தத்தை மட்டும் விடுவது) லீக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்த பிறகும் நல்ல ஸ்பீக்கரை நேரே மாட்ட வேண்டாம். பழைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்திருங்கள்.

## அறிகுறி: வால்யூம் திருப்பினால் கரகரப்பு

காண்டாக்ட் க்ளீனரை வால்யூம் கன்ட்ரோலின் இடுக்கில் அடித்து முழுதாக இருபது தடவை திருப்புங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைக் கூழாக்கிவிடும். சுத்தம் செய்தும் திரும்ப வந்தால் கன்ட்ரோலை மாற்றுங்கள். புதிதும் கரகரத்தால் அதன் முனைகளில் டிசி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன்னாலிருக்கும் கப்ளிங் கண்டென்சர் லீக்.

## அறிகுறி: சத்தம் உடைகிறது

அதிக வால்யூமில் மட்டும் என்றால் டிரான்ஸ்பார்மரின் ஆம்பியர் போதவில்லை. பாட்டில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அடிக்கும்போது லைன் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும். குறைந்த வால்யூமிலேயே பேச்சு மொரமொரப்பாக இருந்தால், டிரான்சிஸ்டர் போர்டில் பயாஸ் குறைவு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் என்றால் கோனை இரு கட்டைவிரலாலும் சமமாக மெல்ல அமுக்குங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் தேய்கிறது. ரீகோனிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: ஹீட் சிங்க் தொட முடியாத சூடு

பாட்டு ஓடாமலே சூடாகிறதா, ஓடினால் மட்டுமா என்று பாருங்கள்.

ஓடினால் மட்டும் என்றால் ஸ்பீக்கரை எண்ணுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே அவுட்புட்டில் இணையாகப் போட்டால் 2 ஓம், எந்தச் சின்ன ஐசியும் தாங்காது. அப்புறம் ஃபேன், காய்ந்துபோன ஹீட் சிங்க் பேஸ்ட்.

சும்மா இருக்கும்போதே சூடாகிறது என்றால் பயாஸ் ஏறியிருக்கிறது, அல்லது போர்டு காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே ஆடுகிறது. ஆடுவதற்கு ஒரு நல்ல தடயம், அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட்டோடு வரிசையில் இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் கறுத்திருப்பது. இன்புட் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரியுங்கள். ஐசியின் சப்ளை கால்களுக்கு மிக அருகில் இருக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் விட்டுப்போயிருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் ஆஸிலோஸ்கோப் உள்ளவரிடம் போக வேண்டும், மீட்டரில் இது சரியாகத் தெரியாது.

## அறிகுறி: விட்டு விட்டுப் பாடுகிறது, தட்டினால் சரியாகிறது

ட்ரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட ஈய இணைப்பு. ஆன் செய்த நிலையில் காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டுங்கள். சத்தம் விடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பவரை நிறுத்தி, போர்டைத் திருப்பிப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல் தெரியும். ஐசியின் கால்கள், வெள்ளை ரெசிஸ்டர்கள், ஃபில்டர் கண்டென்சர், ஸ்பீக்கர் கனெக்டர் என்று கனமானதும் சூடாவதும்தான் முதலில் விடும். மேலேயே ஈயம் வைத்துப் பூசாமல், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வையுங்கள்.

பல்லி எச்சமும் கரப்பான் எச்சமும் சேர்ந்து கால்கள் பச்சை பிடித்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும்.

## போர்டையே மாற்றிவிடுவது எப்போது

டிபிஏ 3116 போன்ற சின்ன கிளாஸ் டி போர்டுகளில் ஐசி தட்டையாகப் போர்டோடு ஒட்டியிருக்கும், ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும்) கருவி இல்லாமல் எடுக்க முடியாது. முழு போர்டே மலிவு என்பதால் மாற்றிவிடுங்கள். 4440, டிடிஏ 2030 போர்டுகளில் டிராக் பெயர்ந்துவிட்டால் அதற்கும் இதுதான். டிரான்சிஸ்டர் போர்டு அப்படியல்ல, அட்டை நன்றாக இருந்தால் காப்பாற்றத் தகுந்தது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது கழற்றிய பழைய பாகங்களைச் சின்னக் கவரில் போட்டு செட்டோடு கொடுங்கள். பிளஸ், மைனஸ் லைனில் எத்தனை வோல்ட் வந்தது, அவுட்புட்டில் எத்தனை டிசி, சீரியஸ் பல்பு எப்படி எரிந்தது, எந்தெந்தப் பாகத்தை ஏற்கெனவே மாற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேபினெட்டின் மேல் ஒட்டிவிடுங்கள்.